பிறக்கும் குழந்தையின் எடையும் பிறந்த தெருவும்

காஞ்சிபுரத்திற்குத் தென்மேற்கே வேகவதி ஆற்றை ஒட்டி அமைந்துள்ள திருப்பருத்திக்குன்றம் தொன்மை வாய்ந்த ஊர். ஜின காஞ்சி என்னும் பெயரால் சமணர்கள் போற்றுவது இவ்வூரையே. இங்குள்ள கோயிலின் சங்கீத மண்டபத்தைப் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகர அமைச்சர் இருகப்பர் கட்டுவித்தார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வரலாறு வண்ண ஓவியங்களாக விளங்குகிறது. அவர்தம் பிறப்பும் அதனை வானவர் கொண்டாடிய சிறப்பும் அவ்வோவியங்களில் இடம் பெற்றுள்ளன. கலையன்பர்கள் அவற்றை அண்ணாந்து பார்த்து மகிழ்ந்து திரும்புவர். நாம் இங்குப் பேசப் புகுவது கோயிலுக்கு வெளியே, தறியோசை கேட்கும் தெருக்களில் நிகழும் பிறப்புகளைப் பற்றியது.

ஊரின் பெயரில் பருத்தி இருப்பினும், இவ்வட்டாரத்தின் தறிகளுக்குப் புகழ் தேடித் தந்தது பட்டே. பட்டு நூலும் சரிகையும் நெசவாளிக்கு நிறுத்தே தரப்படுகின்றன. நெய்து முடித்த சேலையும் மீண்டும் தராசில் ஏறுகிறது. எடையில் சிறிது குறைந்தாலும் கணக்குக் கேட்கப்படும். இவ்வாறு கிராம் கணக்கில் பொருளை நிறுத்துப் பழகிய குடும்பங்களில்கூட, பிறந்த குழந்தை எத்தனை கிராம் என்று கேட்டால், தாய்சேய் நல அட்டையைத் தேடி எடுத்துத்தான் விடை கூற வேண்டியிருக்கிறது. அட்டையில் அந்த ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதனை அடுத்த வீட்டு எண்ணோடும் அடுத்த தெரு எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார் எவருமிலர்.

ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன தெரியும் என்பதே இக்கட்டுரையின் பொருள். காஞ்சி வட்டாரத்தில் பல மொழி பேசுவோர் நெடுங்காலமாகக் கலந்து வாழ்கின்றனர். செங்குந்தர் இல்லங்களில் தமிழும், பத்மசாலியர் இல்லங்களில் தெலுங்கும், தேவாங்கர் இல்லங்களில் கன்னடமோ தெலுங்கோ வழங்குவதை யாவரும் அறிவர். சௌராட்டிர மொழி பேசுவோரும், உருது பேசுவோரும் உளர். அண்மைக் காலத்தில் தொழிற்சாலைகளையும் செங்கல் சூளைகளையும் நாடி வந்த இந்தி, ஒடியா மொழியினரும் சேர்ந்துள்ளனர். இத்தகைய ஊர்களில் ஒரு மொழியினரின் குழந்தைகள் மற்றவர் குழந்தைகளைவிட மெலிந்து பிறந்தாலோ, மிகுதியாக இறந்தாலோ, அதற்குக் காரணம் யாது என்னும் கேள்வி எழும்போது, திண்ணையில் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "அவர்கள் வழக்கம் அப்படி, அவர்கள் உடல்வாகு அப்படி." இவ்விடை எளியது. பெரும்பாலும் தவறானது.

இரண்டரைக் கிலோ

குழந்தை பிறக்கையில் 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அதனை எடைக்குறைவுடைய குழந்தை என்று உலகெங்கும் வகைப்படுத்துகின்றனர். இவ்வாறு பிறப்பதற்கு இரு வழிகள் உண்டு. மாதம் நிறையுமுன் பிறத்தல் ஒன்று. மாதம் நிறைந்தும் கருவில் போதிய வளர்ச்சி பெறாமல் பிறத்தல் மற்றொன்று. நம் நாட்டில் இரண்டாவது வகை மிகுதி. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை அறியப்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இவ்வெல்லைக்குக் கீழே பிறந்தது.

கருவில் வளர்ச்சி குன்றுவதற்குக் காரணம் பல. தாய் கருவுற்ற காலத்தில் உண்ணும் உணவு, அவள் இரத்தத்தின் செழுமை, வயது, முந்தைய பேற்றுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி, மலேரியா முதலிய காய்ச்சல்கள், அடுப்புப் புகை, சுமக்கும் பாரம் ஆகியவை அவற்றுள் சில. இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அது தாயின் உயரம். உயரம் அவள் சிறுமியாக இருந்தபோது உண்ட உணவாலும் அடைந்த நோய்களாலும் பெரிதும் அமைவது. ஆகவே இன்று பிறக்கும் குழந்தையின் எடையில் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட வறுமையும் கலந்திருக்கிறது.

எடைக்குறைவு குழந்தைப் பருவத்தோடு ஒழிவதில்லை. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை ஏடுகளில் முறையாக எழுதப்பட்டு வந்தது. அவ்வாறு பிறந்தவர்கள் நடுவயதை அடைந்தபின் ஆய்வாளர் தேடிச் சென்று உடல்நிலையைச் சோதித்து, 1996-இல் முடிவை வெளியிட்டனர். இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்களுள் நூற்றுக்குப் பதினொருவருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் நல்ல எடையுடன் பிறந்தவர்களுள் அது நூற்றுக்கு மூவரே. ஏட்டில் ஒரு செவிலியர் எழுதி வைத்த எண் அறுபது ஆண்டுகள் கழித்து இத்துணைப் பயன் தந்தது என்பதை ஊராட்சிப் பதிவேடுகளைக் கையாள்வோர் நினைவில் கொள்ளலாம்.

ஒரே மொழி, இருவேறு நிலை

மொழியா, வாழும் இடமா என்னும் கேள்விக்கு மிகத் தெளிவான விடை நம் அண்டை நாடாகிய இலங்கையில் கிடைக்கிறது. அவ்விடை நம் மக்களைப் பற்றியது என்பதால் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்கள் அமைத்தனர். 1869-இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இத்தோட்டங்களில் வேலை செய்யத் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே குடும்பம் குடும்பமாக மக்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் குடியமர்த்தப்பட்ட நீண்ட வரிசை வீடுகளுக்கு 'லயம்' என்று பெயர். ஒரு குடும்பத்திற்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை. முன்னே ஒரு சிறு தாழ்வாரம். சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் அதனுள்ளேயே. நாடு விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா, லால் பகதூர் சாஸ்திரி ஆகியோர் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி பல இலட்சம் பேர் இந்தியா திரும்ப நேர்ந்தது. அவ்வாறு திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்றும் நீலகிரித் தோட்டங்களில் வாழ்கின்றனர்.

இனி எண்களைப் பார்ப்போம். 1973-74-இல் உலகில் தானிய விலை ஏறி, இலங்கையில் பங்கீட்டு உணவு சுருங்கியது. சொந்த நிலமோ வீட்டுத் தோட்டமோ இல்லாத தோட்டத் தொழிலாளர் இதனால் கடும் பசிக்கு ஆளாயினர். 1974-இல் நாடு முழுமைக்கும் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 51 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. தோட்டங்களில் அவ்வெண் நூறையும் கடந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்தோர் தமிழ் பேசுவோர். நாட்டின் பெரும்பான்மையோர் சிங்களம் பேசுவோர். மேலோட்டமாகப் பார்ப்பவர் இதனைத் 'தமிழ்க் குழந்தைகளின் மரணம் சிங்களக் குழந்தைகளின் மரணத்தினும் மிகுதி' என்று எழுதிவிட முடியும்.

ஆயின் அதே காலத்தில் அத்தீவின் வடகோடியில் யாழ்ப்பாணம் இருந்தது. அங்கும் தமிழே தாய்மொழி. உணவு வழக்கங்களிலும் பிள்ளைப்பேற்றுச் சடங்குகளிலும் இரு சாராருக்கும் ஒற்றுமை மிகுதி. ஆனால் குழந்தை இறப்பு விகிதம் தீவிலேயே மிகக் குறைந்திருந்த மாவட்டங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்று. அங்கே கிணறும் காணியும் வீட்டுக்கு வீடு இருந்தன. பெண்கள் பள்ளி சென்று படித்திருந்தனர். நடந்து செல்லும் தொலைவில் மருத்துவமனை இருந்தது. ஒரே மொழியைப் பேசும் இரு மக்களிடையே இத்துணை வேறுபாடு இருக்குமானால், மொழியையோ குலவழக்கத்தையோ குறை கூறுவதில் பொருளில்லை. வேறுபாடு லயத்திற்கும் காணிக்கும் இடையே உள்ளது.

இதற்கு அடுத்த நிகழ்ச்சியும் கருதத்தக்கது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதுவரை தோட்ட நிருவாகத்தின் கையில் தனியே இருந்த மருத்துவ வசதி படிப்படியாக நாட்டின் பொது மருத்துவத் துறையோடு இணைக்கப்பட்டது. லயத்து அறையில் நிகழ்ந்த பேறுகள் மருத்துவமனைக்கு மாறின. தடுப்பூசியும் குடிநீரும் வந்தன. குழந்தை இறப்பு விரைந்து வீழ்ந்தது. ஆனால் பிறப்பு எடை அவ்வாறு விரைந்து உயரவில்லை. 2006-07-இல் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் நாட்டுச் சராசரியாக நூற்றுக்குப் பதினேழு குழந்தைகள் எடைக்குறைவுடன் பிறந்திருக்க, தோட்டப் பகுதியில் நூற்றுக்கு முப்பத்தொரு குழந்தைகள் அவ்வாறு பிறந்திருந்தன.

ஏன் இவ்வாறு? மருத்துவமனை மெலிந்த குழந்தையையும் பிழைக்க வைக்கும். ஆனால் தாயின் கடந்தகாலப் பசியை அதனால் ஈடுசெய்ய இயலாது. பேறுகால உதவிக்கு அந்நாட்டில் 1939-லேயே சட்டம் இருந்தது. தோட்டங்கள்தோறும் பிள்ளை மடுவங்களும் இருந்தன. எனினும் கொழுந்து கிள்ளும் பெண், முதுகில் கூடையுடன் சரிவில் ஏறி இறங்கிக்கொண்டே தன் மாதங்களைக் கழித்தாள். எடை குறைந்தால் கூலி குறையும் என்பதால் நிறைமாதத்திலும் கூடையை நிறைக்கவே முயன்றாள். வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்டாள். இரத்தசோகை தாயிடமிருந்து மகளுக்குச் சொத்துப்போல் இறங்கியது. இது தோட்டத்துக் கதை மட்டுமன்று என்பதைப் படிப்போர் உணர்ந்திருப்பர்.

மொழி செய்யும் வேலை

மொழி காரணமன்று என்று கூறினோம். ஆயின் மொழிக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதும் சரியன்று. இலங்கையில் 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. தமிழும் ஆட்சிமொழியாக அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழறிந்த மருத்துவச்சிகள் தோட்டப் பகுதிகளில் போதிய அளவில் அமர்த்தப்படவில்லை. மருத்துவச்சி வீட்டுக்கு வருகிறார், மாத்திரை தருகிறார், அதனை எப்போது, எதனோடு, எத்தனை நாள் உண்ண வேண்டும் என்று சொல்கிறார். சொல்லியது விளங்கவில்லையேல் மாத்திரை பிறையில் கிடக்கும். வயிற்றில் குழந்தை அசைவு குறைந்திருக்கிறது என்று தாய் சொல்ல விரும்புகிறாள், சொல்ல மொழியில்லை. இவ்வாறு வறுமை உண்டாக்கிய குறையை மொழி மேலும் பெரிதாக்குகிறது.

வழக்கத்திற்கும் சில வேளைகளில் பங்குண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரெஞ்சு மொழி பேசிய கத்தோலிக்கர், ஆங்கிலம் பேசிய ஐரியக் கத்தோலிக்கர், ஆங்கிலம் பேசிய புராட்டஸ்டண்டுகள் என மூன்று சாரார் வாழ்ந்தனர். பிரெஞ்சுக் குழந்தைகளே மிகுதியாக இறந்தன. ஐரியர் பிரெஞ்சுக்காரரைவிடச் செல்வம் மிக்கவர் அல்லர். பெரும்பாலோர் கூலிவேலை செய்தவர்கள். ஆயினும் அவர்கள் குழந்தைகள் மிகுதியாகப் பிழைத்தன. பிள்ளைப்பேறுகளுக்கு இடையே இருந்த இடைவெளியை ஆராய்ந்தவர்கள், ஐரியத் தாய்மார் நெடுநாள் தாய்ப்பால் ஊட்டியதும், பிரெஞ்சுத் தாய்மார் விரைவில் பால் மறக்கச் செய்ததும் இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகலாம் எனக் கருதுகின்றனர். தூய நீரும் நல்ல பாலும் கிடைக்காத நகரில் தாய்ப்பாலை நிறுத்துவது குழந்தையைச் சாக்கடை நீருக்கு ஒப்படைப்பதாகும். இங்கும் கவனிக்க வேண்டியது, வழக்கம் உயிர்குடித்தது அழுக்கு நீரோடு சேர்ந்தபோதுதான் என்பது.

மான்ட்ரியால் அமைந்துள்ள கியூபெக் மாநிலத்தில் பிறப்பைப் பதிவு செய்யும்போது தாயின் தாய்மொழியும் வீட்டில் பேசும் மொழியும் கேட்டு எழுதப்படுகின்றன. ஆதலின் எந்தப் பகுதியில், எம்மொழி பேசும் தாய்மாரின் குழந்தைகள் மெலிந்து பிறக்கின்றன என்பதை அங்குள்ளோர் எண்ணிப் பார்க்க முடிகிறது. நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி நிரப்பும் படிவத்தில் பெற்றோரின் கல்வி, தொழில், தாயின் வயது, குழந்தையின் எடை, கருவுற்ற வாரங்கள் ஆகியவற்றுக்கு இடம் உண்டு, மொழிக்கு இடமில்லை. மொழி பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கில் மட்டும் கேட்கப்படுகிறது. இரு ஏடுகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஆனால் யார் வீட்டில் எம்மொழி பேசுகின்றனர் என்பதை அறிய ஊராட்சி உறுப்பினருக்கு ஏடு எதற்கு? அவர் அத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்.

கடலையும் கீரையும்

எடைக்குறைவு விதியன்று என்பதற்கு வேளாண் பெருமக்கள் உவக்கத்தக்க சான்று ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள காம்பியா நாட்டில் கிடைத்தது. அந்நாட்டுச் சிற்றூர்களில் மழைக்காலமே பஞ்சகாலம். களஞ்சியத்தில் தானியம் தீர்ந்திருக்கும். வயலிலோ வேலை கடுமையாக இருக்கும். அக்காலத்தில் பிறக்கும் குழந்தைகள் மெலிந்திருந்தன. இருபத்தெட்டு ஊர்களில் நடந்த ஆய்வில், கருவுற்ற பெண்களுக்கு ஏறத்தாழ ஐந்தாம் மாதம் முதல் நிலக்கடலை சேர்த்துச் சுட்ட ரொட்டி நாள்தோறும் அளிக்கப்பட்டது. 1997-இல் வெளியான முடிவின்படி, பஞ்சகாலத்தில் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 201 கிராமும், அறுவடைக் காலத்தில் 94 கிராமும் கூடியிருந்தது. கடலை நம் மாவட்டத்திலும் விளைகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புனே நகரை அடுத்த ஆறு சிற்றூர்களில் 1990-களில் நடந்த ஆய்வு நமக்கு இன்னும் அணிமையானது. அங்கே தாய்மார் மெலிந்தவர்கள், உழவுக் குடும்பத்தினர். அவர்களுள் கீரையும் பழமும் அடிக்கடி உண்டவர்கள், பால் பருகியவர்கள் ஆகியோரின் குழந்தைகள் பெரியனவாகப் பிறந்தன. தண்ணீர் சுமத்தலும் வயல்வேலையும் மிகுந்திருந்த தாய்மாரின் குழந்தைகள் சிறியனவாக இருந்தன. கருவுற்ற பெண் தலையில் சுமக்கும் குடம் குழந்தையின் எடையில் கழிந்துவிடுகிறது என்று சொன்னால் அது மிகையன்று. ஆகவே தெருவுக்குள் ஒரு குழாய் போடுவதும் மகப்பேற்றுப் பணியே. ஊராட்சி அதனைச் சாலைப்பணியோடு வைத்து எண்ணுவது வழக்கமாக உள்ளது.

நெசவுத் தெருக்களில் குடத்திற்குப் பதில் குழித்தறி. சேலைக்கு இவ்வளவு என்று கூலி கிடைப்பதால், வேலை நின்றால் வருவாயும் நிற்கும். கணவன் நெய்ய, மனைவி தார் சுற்றியும் பாவு பிணைத்தும் உதவும் வீட்டில் அவளுடைய உழைப்பு தனிக்கூலியாகக் கணக்கில் வருவதேயில்லை, ஓய்வும் அதுபோலவே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவித்திட்டம் இன்று முதலிரு பேறுகளுக்கு 18,000 ரூபாய் மதிப்பில், தவணைகளாகவும் ஊட்டச்சத்துப் பொருளாகவும் வழங்கப்படுகிறது. இத்தொகை தறிக்கு வாங்கிய முன்பணத்தைத் தீர்க்கச் செல்லாமல் தாயின் உணவுக்குச் செல்லுமானால் மட்டுமே அதன் பயன் குழந்தையின் எடையில் தெரியும்.

நம் மாநிலம் ஈட்டிய வெற்றியைக் குறைத்துக் கூறலாகாது. 1971-இல் ஆயிரத்துக்கு 113 ஆக இருந்த குழந்தை இறப்பு 2020-இல் 13 ஆகக் குறைந்தது. 2019-21-ஆம் ஆண்டு ஆய்வின்படி பேறுகளில் நூற்றுக்கு 99.6 மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆனால் அதே ஆய்வில் கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு 48 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. இலங்கைத் தோட்டங்களில் கண்ட அதே முரண்பாடு: மருத்துவமனை முன்னேறிவிட்டது, அடுக்களை பின்தங்கியிருக்கிறது.

நம் ஊரின் லயங்கள்

காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் 'சேம்பர்' என்று வழங்கும் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா முதலிய மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் குடும்பங்கள் வருகின்றன. முன்பணம் பெற்று வருவோர், கணவன், மனைவி, பிள்ளைகள் எனக் குடும்பமாகவே மண் குழைத்துக் கல் அறுக்கின்றனர். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. தங்குவது சூளையை ஒட்டிய தாழ்ந்த குடிசைகளில். நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்களிலிருந்து கங்காணியின் பின்னே சென்றவர்களின் நிலையும் இதுவாகவே இருந்தது. அன்று மலைநாட்டு மருத்துவச்சிக்குத் தமிழ் தெரியவில்லை. இன்று நம் சுகாதாரச் செவிலியருக்கு ஒடியா தெரியவில்லை. அவர் மீது குறையில்லை. ஆனால் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்வது எவர் பொறுப்பு என்பதை யாரேனும் முடிவு செய்ய வேண்டும். ஊராட்சி முடிவு செய்தால் நலம். சூளையில் சில பருவங்களாக வேலை செய்யும் எவரேனும் தமிழ் கற்றிருப்பார். பள்ளி சென்ற சிறுவனோ சிறுமியோகூட இருக்கலாம். ஆனால் மகப்பேற்றுச் செய்திகளைச் சிறுவர் வாயிலாகக் கேட்பது தகாது. வயது வந்த பெண் ஒருவரே ஏற்றவர்.

'இவர்கள் நம் ஊரார் அல்லரே, நம் அங்கன்வாடியில் எப்படித் தருவது?' என்னும் தயக்கம் சில இடங்களில் எழுகிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும், பேறு முடிந்து ஆறு மாதம் வரையிலும், அருகிலுள்ள அங்கன்வாடி வழியே உணவு பெறும் உரிமையை அளித்துள்ளது. நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் அதன் அளவு. சொந்த ஊர் எது, தாய்மொழி எது என்று அச்சட்டம் கேட்கவில்லை.

இனிப் பதிவேட்டைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 3,000 பேர் வாழும் ஊராட்சியில் இன்றைய பிறப்பு விகிதப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 40 குழந்தைகளே பிறக்கும். அவற்றை நான்கு தெருவாகப் பிரித்தால் தெருவுக்குப் பத்து. அப்பத்தில் ஒரு குழந்தை மெலிந்து பிறந்தால் நூற்றுக்குப் பத்து, இரு குழந்தைகளானால் இருபது என்றாகிவிடும். ஆகையால் ஓராண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு எந்தத் தெருவையும் எந்தச் சாராரையும் பற்றி முடிவு கட்டலாகாது. ஐந்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் உண்மை ஓரளவு துலங்கும். பெயரும் குலமும் அதில் வேண்டா. தெரு, தாயின் வயது, பேறு எத்தனையாவது, பிறந்த மாதம், எடை, வீட்டு மொழி ஆகியவை போதும். எடையைச் சரியான கிராமில் எழுத வேண்டும். 2,430 கிராமை 'இரண்டரைக் கிலோ' என்று முழுமையாக்கி எழுதும் வழக்கம் மிகப் பரவலானது. அவ்வொரு பேனாக்கீற்றினால் ஒரு மெலிந்த குழந்தை கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. பட்டை நிறுக்கையில் அவ்வாறு முழுமையாக்க எந்த நெசவாளியும் இசையமாட்டார்.

இக்கணக்கை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று அறிவுரை கூறுவதற்கு முன், எடை குறைந்த தெருவில் நான்கு செய்திகளைக் கேட்டறிதல் வேண்டும். குடிநீர் எத்தனை கஜ தூரத்தில் இருக்கிறது? அங்கன்வாடி எவ்வளவு தொலைவு? செவிலியர் சென்ற மாதம் எத்தனை முறை வந்தார், வந்தபோது பேசியது விளங்கியதா? கூலி நாட்கணக்கிலா, உருப்படிக் கணக்கிலா? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளை எடையோடு பொருத்தினால், மொழியைப் பற்றிய பேச்சு தானாகவே ஓய்ந்துவிடும் என்பது எம் கருத்து. ஓயாவிடில், அப்போது வழக்கத்தைப் பற்றி அத்தெருத் தாய்மாருடன் அவர்கள் மொழியிலேயே பேசலாம்.

சூளை வேலை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை மாதத்தில் சூடுபிடித்து ஆனியில் முடிவது வழக்கம். தையில் ஐந்து மாதக் கருவுடன் வரும் பெண்ணுக்குப் பேறு இங்கேயே நிகழும். வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் பேறுகாலப் பதிவு எண் பெற்றுத் தந்து, இரும்புச்சத்து மாத்திரையும் சத்துமாவும் தொடங்கிவிட்டால் நூறு நாட்களுக்குமேல் கிடைக்கும். பங்குனியில் தொடங்கினால் அதில் பாதிதான். எனவே சூளைகள் உள்ள ஊராட்சியின் உறுப்பினர்கள் மார்கழிக் கடைசியிலேயே செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் கலந்து, குடும்பங்கள் வந்திறங்கும் நாளை உரிமையாளரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அந்நாளில் தாமே ஒருமுறை சூளைக்குச் சென்று வருவது நலம்.